பங்கும் பாடும்

ஊருக்குப் பொதுவான வேலையை நான்கு பேர் செய்யாதிருக்கும்போது ஐந்தாமவன் மட்டும் செய்வது தர்மமா, ஏமாளித்தனமா?

திண்டுக்கல் சமவெளியில் இந்தக் கேள்வி பழையது. இங்கே ஓடும் குடகனாறு மழைக்கால ஆறு. பழனி மலையிலும் சிறுமலையிலும் பெய்கிற மழை வாய்க்கால் வழியே வந்து குளத்தில் நின்றால்தான் வயல் விளையும், கிணறு ஊறும். வாய்க்கால் தூர்ந்தால் எல்லாருக்கும் நட்டம். தூர் எடுத்தாலோ, மண்வெட்டியைத் தொடாதவன் கிணற்றிலும் நீர் ஊறும். சோம்பலுக்கு இதைவிடச் சாக்கு வேண்டுமா?

ஆனாலும் முன்னோர் குடிமராமத்து என்று அதைச் செய்து வந்தார்கள். மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள். நிலம் மிகுந்தவருக்கு வேலையும் மிகுதி. வராதவரை ஊர் கேட்கும். முறைவைத்து மடை திறக்க நீர்பாய்ச்சி இருப்பார். அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். எல்லாரும் புண்ணியவான்கள் என்பதால் இது நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனும் வருகிறான் என்பது கண்ணுக்குத் தெரிந்ததால் நடந்தது. பல நாட்டுப் பொதுச்சொத்துகளை ஆராய்ந்து 2009-ல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாரும் இதையே கண்டார். பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாமே கண்காணித்து, முதல் தவறுக்குச் சிறு தண்டனை, திரும்பச் செய்தால் கூடுதல் தண்டனை என்று வைத்த இடங்களில் பொதுச்சொத்து நிலைத்தது.

வெள்ளையர் ஆட்சியில் குளங்கள் சர்க்கார் பொறுப்புக்குப் போயின, குடிமராமத்து தளர்ந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் அதைக் கட்டாயமாக்கச் சட்டம் வந்தது. பெரிய பயன் விளையவில்லை. தன் குளம் என்ற எண்ணம் போனபின், அதே வேலை ஊழியமாகிவிடுகிறது. ஊழியம் என்னவென்று அய்யாவழி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவிதாங்கூரில் கூலியில்லாமல் வாங்கிய ஊழியத்தை அய்யா எதிர்த்து நின்றார். பலன் ஒருவனுக்கு, பாடு இன்னொருவனுக்கு என்றால் அது ஒற்றுமை அல்ல, கலியின் வேலை.

பழைய முறையிலும் ஒரு கறை உண்டு. பல ஊர்களில் நீர்பாய்ச்சி ஒடுக்கப்பட்ட சாதியார், சொந்த நிலம் இல்லாதவர். நிலம் இல்லாததால் பட்சபாதம் காட்டமாட்டார் என்று ஊர் அவரை நம்பியது. அதே ஊர் பொதுக்கிணற்றில் அவரைத் தண்ணீர் எடுக்கவிடவில்லை. எல்லாச் சாதியாரையும் ஒரே முத்திரிக்கிணற்று நீரில் குளிக்கவும் பருகவும் வைத்து, பொது என்றால் எல்லாருக்கும் பொது என்று அய்யா காட்டினார்.

ஆகவே ஐந்தாமவன் ஏமாளி அல்ல. ஆனால் தனியாகச் செய்துவிட்டு மனம் புழுங்கினால் சில நாளில் அவனும் நிறுத்திவிடுவான். முதல் ஆளாக மண்வெட்டி எடுக்கட்டும். போகிற வழியில் நான்கு வீட்டுக் கதவையும் தட்டட்டும். வராதவரைப் பொறுமையோடு கேட்கட்டும். கேட்குமுன், அவருக்கு அந்த நீரில் பங்கு உண்டா என்றும் பார்க்கட்டும். பங்கு கொடுக்காமல் பாடு கேட்பது தர்மம் அல்ல.

அய்யா உண்டு.