தூக்கினால் பிள்ளை கெட்டுவிடுமா?

பச்சைக் குழந்தை அழுகின்றது. தாய் தூக்கப் போகின்றாள். "கைச்சூடு பழக்காதை பிள்ளை, பிறகு கீழை கிடவாது" என்று வீட்டுப் பெரியவர் தடுக்கின்றார். அன்பான வாசகரே, இக்காட்சி உங்கள் இல்லத்திலும் நிகழ்ந்திருக்கலாம். இச்சிறு பிணக்கினுள் பெரியதொரு அறநெறி வினா அடங்கியுள்ளது. வாய் திறந்து கேட்கவியலாத உயிருக்கு நாம் அளிக்கும் அணைப்பு சலுகையா, கடனா?

உலகைச் சற்று நோக்குங்கள். கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிற் தாய், அமௌத்தி என்னும் மேலங்கியின் முதுகுப் பையில் மகவை வைத்துத் தன் உடற்சூட்டால் குளிரினின்றும் காக்கின்றாள். அந்தீஸ் மலைப் பெண்கள் வண்ணத் துணியால் முதுகில் கட்டுகின்றனர். நம்மவர் இடுப்பில் இருத்துகின்றனர். முறைகள் பல, எனினும் கையிலுள்ள வேலையையும் விடாமல், பிள்ளையையும் விடாமல் வாழ அனைவரும் வழி கண்டுள்ளனர்.

இவ்வணைப்பின் பெறுமதியை வைத்திய உலகுக்கு உணர்த்தியது வறுமையே. 1978ஆம் ஆண்டு கொலம்பியாவின் பொகோட்டா நகர வைத்தியசாலையொன்றில், குறைமாதக் குழந்தைகளுக்கான சூட்டுப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகள், தொற்றுநோய், மரணம். வைத்தியர் எட்கார் றே, குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை எனப் பெயர்பெற்ற இது பெட்டிக்குப் பதிலீடாகவே தொடங்கிற்று.

2021இல் வெளியான ஆய்வொன்று மேலும் ஓர் உண்மையை உரைத்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில், 1.8 கிலோவுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அவதானிக்கப்பட்டனர். பிறந்தவுடனேயே அணைக்கப்பட்டோரில் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12 பேர். உடல்நிலை சீரான பின்னரே அணைக்கப்பட்டோரில் ஏறத்தாழ 16 பேர்.

சலுகையை மறுத்தால் எவரும் மடிவதில்லை. இக்குழந்தைகளுக்கோ அணைப்பு பாலைப் போன்ற தேவையாயிற்று. தேவையுடையவர் தாமாகத் தேடிக்கொள்ள இயலாதபோது, கொடுக்கக்கூடியவருக்கு அது கடனாகின்றது. நிறைமாதப் பிள்ளையின் நிலை அத்துணை ஆபத்தானதன்று. ஆயினும் அழுகையன்றி வேறு மொழி அதற்கும் இல்லை.

அப்படியாயின், களைத்துப்போய்ப் பிள்ளையை ஏணையிலிடும் தாய் குற்றவாளியா? இல்லவே இல்லை. ஒருத்தியின் தோளால் மட்டும் தீர்க்கக்கூடிய கடன் இதுவன்று. கங்காரு முறையில் தந்தையின் மார்பும் உதவுகின்றது. கடன் வீடு முழுவதற்கும் உரியது.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை அழும்போது தாய்க்குப் புத்தி சொல்லுமுன் கையை நீட்டுங்கள். "இஞ்சை தா பிள்ளை, நான் கொஞ்சம் வைச்சிருக்கிறன்" என்ற சொல்லே அவளுக்கு வேண்டியது.