இருபதாவது கண்ணி

சார்ஜாவில் ஒரு மாடிக் குடியிருப்பின் முன்னறையில் நாம் நான்கு பெண்கள் குரோசே பழகினோம். 2022 இல் இந்நாட்டின் வார விடுமுறை மாறி ஞாயிறும் ஓய்வு நாளான பிறகு கிடைத்த பின்னேரங்கள் அவை. கற்றுத் தந்தவர் எமது ஊர்ப்பக்கத்து அக்கா ஒருவர். இங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அவருக்கும் ஞாயிறுதான் ஓய்வு நாள்.

ஏன் பழகினோம் என்றால் பெரிய காரணம் எதுவுமில்லை. எமது தாய்மாரின் வீடுகளில் வானொலிப் பெட்டியின் மேலும் கதிரைச் சாய்விலும் வெள்ளை நூல் விரிப்புகள் கிடந்தன. இடம்பெயர்ந்தபோது அவற்றை எவரும் எடுத்து வரவில்லை. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும்தான் வந்தன.

முதல் வேலை, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் துணி. பருத்தி நூல், ஐந்து மில்லிமீற்றர் கொக்கி ஊசி. ஒரு சுருக்கு முடிச்சு, அதிலிருந்து இருபத்தொரு சங்கிலிக் கண்ணிகள். ஊசியிலிருந்து இரண்டாவது கண்ணிக்குள் கொக்கியைச் செலுத்தி நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைக் கொளுவி இரண்டுக்குள்ளாலும் இழுத்துவிட்டால் ஒரு பின்னல். வரிசைக்கு இருபது. முடிவில் ஒரு சங்கிலி போட்டுத் திருப்ப வேண்டும். இவ்வளவுதான்.

இதன் பெயரிலேயே முதற் சண்டை வந்தது. எம்மில் ஒருத்தி காணொளியில் பார்த்து வந்து 'ஒற்றை' என்றாள். கன்னியர் மடத்தில் படித்த அக்கா 'இரட்டை' என்றார். இருவரும் சரி. அமெரிக்கர் ஒற்றைக் குரோசே என்பதைத்தான் பிரித்தானியர் இரட்டைக் குரோசே என்கிறார்கள். எம்மை ஆண்டவர்களின் கணக்கு எமது விரல்களிலும் தங்கியிருந்தது.

சதுரமாக வரவேண்டியது எமக்கெல்லாம் கூம்பிக்கொண்டு போனது. வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். கண்ணுக்குப் படாது. அதை விட்டுவிட்டுத் திரும்பினால் இருபது பத்தொன்பதாகும், பிறகு பதினெட்டாகும். "எண்ணுங்கோ பிள்ளையள். எண்ணாட்டி அது தன்ரபாட்டில குறையும்," என்றார் அக்கா. பிறகு நூலை இழுத்தார். இரண்டு மணித்தியால வேலை அரை நிமிடத்தில் அவிழ்ந்து வெறும் நூலாகியது. குரோசேயில் ஊசியில் நிற்பது ஒரேயொரு வளையம். அது போனால் எல்லாம் போகும்.

மூன்றாம் ஞாயிறு, கேட்காமலே, குவைத்தைப் பற்றிக் கதைத்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அங்கே ஒரு வீட்டில் இருந்தார். வீட்டுப் பணியாளரின் வேலை நேரத்துக்கு அந்நாட்டுச் சட்டத்தில் அப்போது ஓர் எல்லை இருக்கவில்லை. இரவு பாத்திரமெல்லாம் கழுவி முடித்தபின் சமையலறையில் இருந்து பின்னுவாராம். எசமானி கண்டுவிட்டு, கோபிக்கவில்லை. நல்ல நூல் வாங்கிக் கொடுத்து மேசைவிரிப்பு ஒன்று கேட்டாள். ஐந்து மாதம் பின்னினார். விரிப்பு எசமானியின் தங்கைக்குக் கலியாணப் பரிசாகப் போனது. "நல்லாயிருக்கெண்டு சொன்னவ," என்றார் அக்கா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அவர் போனபின் நாம் வாதாடினோம். அது அவருடைய விருப்பத்துக்குச் செய்த வேலை, அதற்கென்ன கூலி என்றாள் ஒருத்தி. நூல் எசமானியுடையது என்றாள் இன்னொருத்தி. நேரம் யாருடையது என்று கேட்டோம். நாள் முழுவதும் ஒருவருக்கு விற்கப்பட்டிருந்தால், அதற்குள் ஒருத்தி தனக்கென்று திருடி எடுத்த ஒரு மணித்தியாலம் யாருக்குச் சொந்தம்? விருப்பத்தோடு செய்த வேலை வேலை இல்லையா? அப்படியென்றால் வெறுத்துச் செய்பவருக்கு மட்டும்தானா சம்பளம்?

இந்தக் கேள்வி புதிதல்ல. ஆந்திராவின் நர்சாப்பூர்ப் பகுதியில் பெண்கள் வீட்டிலிருந்தபடி ஏற்றுமதிக்குக் குரோசே லேஸ் பின்னுவதை ஜேர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆராய்ந்து 1982 இல் நூலாக வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கு மேலாக நாளுக்கு ஆறு, எட்டு மணித்தியாலம் லேஸ் பின்னிய அந்தப் பெண்கள் எவருடைய கணக்கிலும் தொழிலாளர் அல்ல. ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள். அந்தப் பெயர் இருந்ததாலேயே கூலியை அவ்வளவு குறைவாக வைத்திருக்க முடிந்தது என்பது மீஸின் வாதம். எம்மில் ஒருத்தி அன்று சொன்ன நியாயம் லேஸ் வியாபாரிகளின் நியாயத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை. அவள் கெட்டவள் அல்ல. அதுதான் எமக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு பேரங்காடியில் குரோசே மேற்சட்டை ஒன்று தொங்கக் கண்டோம். எண்பத்தொன்பது திர்ஹம். முன்பென்றால் மலிவு என்று எடுத்திருப்போம். சுவெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. உண்மையான குரோசேயைப் பின்னிக் கடைகளுக்கு அனுப்பும் இயந்திரம் இன்னும் இல்லை. ஆய்வுகூடங்களில் முயன்று கொண்டிருக்கிறார்கள். அதுபோலத் தோன்றும் இயந்திரத் துணி உண்டு என்பதால் உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். நூல் முனை கையால் செருகப்பட்டிருந்தது. நாம் பழகிய அதே பின்னல். எமது துணியில் இருபது கண்ணி, இருபத்திரண்டு வரிசை. மேற்சட்டையில் அதைப்போல் இருபத்துநான்கு சதுரம் அடங்கும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பின்னல்கள். அக்காவுக்கு ஒரு சதுரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். ஆகப் பதினான்கு மணித்தியாலம். நூல், கப்பல், கடை வாடகை, இலாபம் எல்லாம் கழியாமல் முழு விலையும் பின்னியவளுக்கே போனாலும் மணித்தியாலத்துக்கு ஆறு திர்ஹம் சொச்சம்.

வாங்கவில்லை. வாங்காததால் அவளுக்கு என்ன கிடைத்தது என்று வாகனத்தில் ஒருத்தி கேட்டாள். எவரும் பதில் சொல்லவில்லை.

இங்கே பதூயின் பெண்களின் சதூ நெசவை யுனெஸ்கோ 2011 இல் அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அப்பெண்களும் கூடியிருந்து, வீட்டுக் கதை பேசி நூற்றவர்கள்தான். மரபைப் பாதுகாப்பது நல்லது. ஆனால் மரபு என்று பெயர் வைத்ததும் மணித்தியாலத்தை எண்ணுவது அநாகரிகம் போலாகிவிடுகிறது என்றும் எமக்குத் தோன்றியது.

அப்போதுதான் எமது கணக்கும் தட்டுப்பட்டது. இந்நாட்டுச் சட்டம் 2017 முதல் வீட்டுப் பணியாளருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தருகிறது. அந்த ஒரு நாளில் பாதியை நான்கு கிழமையாக நாம் எடுத்திருந்தோம். தேநீர் கொடுத்தோம். வடை கொடுத்தோம். ஊர்க்காரர், அக்கா, அன்பு என்றெல்லாம் எம்மிடம் சொற்கள் இருந்தன. எசமானியிடமும் இருந்திருக்கும்.

ஐந்தாம் ஞாயிறு ஒரு கடித உறையில் பணம் வைத்துக் கொடுத்தோம். கோபிப்பாரோ என்று பயந்தோம். உறையைத் திறந்து, எமக்கு முன்னாலேயே எண்ணினார். நான்கு நாளுக்கானது. ஒரு நாளுக்குரியதை எடுத்து மேசையில் வைத்தார்.

"முதல் நாள் நான் படிப்பிக்க வரேல்ல. உங்களோட கதைக்க வந்தனான்," என்றார். மீதியைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, எமது துணிகளை வாங்கி ஓரங்களை எண்ணத் தொடங்கினார்.