தேங்கிய மண்

செய்தவர் மாண்டுபோன பின்பும் செய்ததன் விளைவு கிடக்குமாயின் அதைத் தீர்ப்பது யார் கடமை? அமெரிக்காவின் பழைய ஆலை அணைகளை முன்வைத்து இதை யோசிக்கிறேன்.

பென்சில்வேனியாவில் குடியேறியோர் தானியம் அரைக்கவும் மரம் அரியவும் சிற்றோடைகளை மறித்து அணை கட்டினர். 1840ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு கிழக்கு அமெரிக்காவில் 65,000க்கு மேற்பட்ட நீராலைகளைக் காட்டுகிறது. மேட்டுக் காடுகளும் வெட்டப்பட்டன. மழையில் கரைந்த மண் அணைகளின் பின்னே ஆளுயரத்துக்குத் தேங்கியது. நீராவி வந்ததும் ஆலைகள் கைவிடப்பட்டன, அணைகள் உடைந்தன. ஓடைகள் அந்த மண்ணை அறுத்துக்கொண்டு இறங்கின.

இருபுறமும் செங்குத்துக் கரை, நடுவே வளைந்தோடும் ஒற்றை ஓடை. இதுதான் இயற்கை என்று அறிஞர்களே நெடுங்காலம் நம்பினர். (கரும்பலகையில் நாங்கள் வரையும் ஓடையும் இதுவே.) 2008இல் ரொபேர்ட் வோல்ட்டர், டொரதி மெரிட்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இதை மறுத்தார்கள். கரையின் அடியில் மெல்லிய கறுப்புச் சேற்றுப் படை ஒன்று உண்டு. அதனுள் கோரைப்புல் விதைகள். அங்கே முன்பிருந்தது ஓடையல்ல, சிறு நீர்க்கால்கள் பின்னிய சதுப்பு நிலம்.

இன்று அக்கரைகள் இடிந்து, மண்ணும் பொஸ்பரசும் செசப்பீக் விரிகுடாவைக் கலக்குகின்றன. ஆலைக்காரனைக் குற்றவாளி என்பேனா? மாட்டேன். அவன் ஊருக்கு மா அரைத்துக் கொடுத்தவன். மசச்சூசெற்சில் 1714ஆம் ஆண்டுச் சட்டம், அயலவன் நிலம் மூழ்கினால் நட்டஈடு கொடுத்து அணையை வைத்திருக்க அனுமதித்தது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நட்டஈடு கேட்க அன்று உயிரோடிருந்த அயலவனுக்கே முடியும். இருநூறு வருடம் கழித்துப் பிறப்பவன் எந்த நீதிமன்றத்தில் நிற்பான்?

குற்றவாளி இல்லையென்றால் கடனும் இல்லை என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தேங்கிய மண்ணின் சமதரையில் இன்று பயிர் விளைகிறது, மாடு மேய்கிறது. சொத்தைப் பெற்றவர் கடனையும் பெற்றவரே. ஆயினும் எதிர்த்தரப்பின் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை: எந்த நூற்றாண்டுக்குத் திருப்புவது? அந்த மேய்ச்சல் தரையும் பல தலைமுறைகளின் உழைப்பல்லவா?

2011இல் லங்காஸ்டர் மாவட்டத்தின் பிக் ஸ்பிரிங் ரன் ஓடையில் 20,000 தொன்னுக்கு மேற்பட்ட மண்ணை அள்ளி, கறுப்புப் படைவரை இறங்கினார்கள். அங்கே மீண்டும் கோரை வளர்ந்து, நீர் பல கால்களாகப் பிரிந்து ஓடுகிறது. அது ஒரே ஓர் ஓடை.