கேட்கக்கூடாத கேள்வி

திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரியில் மருத்துவ மாணவன் படுக்கையருகே நின்று கற்கிறான். தொட்ட இடத்தில் முகம் சுளிக்கும் ஓர் உடம்பு அவனுக்கு எதிரில் இருக்கிறது. அதே ஊரில், 1979இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரியில் படிப்பவனுக்கும், 2012ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படிப்பவனுக்கும் எதிரில் இருப்பது அநேகமாகக் காகிதம்தான்.

பயிற்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் வருஷத்து விதிகள் இதற்கென்று ஒரு தாளை ஒதுக்கியிருக்கின்றன. மாதிரி வழக்காடலுக்கு 30 மதிப்பெண். ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையைப் பார்த்துக் குறிப்பெழுதுவதற்கு 30. வக்கீல் கட்சிக்காரரோடு பேசுவதையும் வழக்குக்கான தஸ்தாவேஜுகளைத் தயாரிப்பதையும் கவனிப்பதற்கு 30. வாய்மொழித் தேர்வுக்கு 10. ஆனால் மாதிரி வழக்கு பெரும்பாலும் அப்பீல் வழக்கு. சம்பவங்கள் முன்கூட்டியே தீர்ந்துபோய் அச்சில் வந்துவிட்டவை. சண்டை சட்டத்தைப் பற்றி மட்டும்தான். அங்கே சாட்சி என்று ஒரு ஜீவன் கிடையாது. குறுக்கு விசாரணையை மாணவன் பார்க்கிறான், செய்வதில்லை. முதல் தடவை செய்யும்போது அவன் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டாகிவிட்டது. எதிரே நிற்பது நிஜமான மனுஷி.

சீனியரின் அறையில் அவனுக்கு முதலில் கிடைக்கும் பாடங்கள் இரண்டு. பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே. 'ஏன்' என்று ஒருபோதும் கேட்காதே. இந்த இரண்டாவது விதிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

ஓர் உதாரணம், கற்பனைதான். அடிபட்ட ஒரு பெண்ணை இரவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் அவசரமாக எழுதுகிறார்: தெரிந்த நபர் ஒருவர் தாக்கியதாக. மறுநாள் போலீஸிடம் அவள் மூன்று பேர் என்கிறாள். மாதங்கள் கழித்துக் கூண்டில் நிற்கிறாள்.

"ஒருத்தர் அடிச்சதா டாக்டர்கிட்ட சொன்னீங்க. சரிதானே?"

"சரிதாங்க ஐயா, ஆனா அப்ப..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமாங்க."

வக்கீல் உட்கார்ந்துவிடுகிறார். நல்ல குறுக்கு விசாரணை. 'ஏன் அப்படிச் சொன்னீர்கள்' என்று அவர் கேட்டிருந்தால், தலையில் ரத்தம் வழிய, முதலில் அடித்தவன் பெயர்தான் வாயில் வந்தது என்று அவள் சொல்லியிருப்பாள். அந்தப் பதில் உண்மையாக இருக்கலாம் என்பதால்தான் அந்தக் கேள்வி தடுக்கப்பட்டிருக்கிறது. சிந்தனை தொடங்குகிற வார்த்தையை நாவிலிருந்து நீக்கிக்கொள்வதில் இந்தத் தொழில் தொடங்குகிறது.

இதை வைத்துத் தொழிலையே பழிப்பது சுலபம், தவறும்கூட. பாண்டியன் சபையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொன்னபோது, உடைத்தால் என்ன தெறிக்கும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அதே திறமை அங்கே நியாயத்தின் பக்கம் நின்றது. 1840இல் லண்டனில், எஜமானைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கூர்வாசியே என்ற வேலையாள், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே தன் வக்கீல் சார்லஸ் பிலிப்ஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பிலிப்ஸ் விலகவில்லை, தொடர்ந்து வாதாடினார். கூர்வாசியே தூக்கிலிடப்பட்டான். ஆனால் வீட்டு வேலைக்காரிகள் மீது சந்தேகம் விழும்படி பேசினார் என்ற கண்டனத்துக்கு 1849இலும் பிலிப்ஸ் பகிரங்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குற்றவாளி என்று தனக்குத் தோன்றினாலும் வக்கீல் அவனுக்காக வாதாட வேண்டும் என்றுதான் நம் பார் கவுன்சில் விதியும் சொல்கிறது. சரியான விதி. தீர்ப்பை வக்கீலே எழுதத் தொடங்கினால் நீதிபதி எதற்கு?

சட்டம் 'ஏனை' முழுக்கத் துரத்திவிடவும் இல்லை. சாட்சியை அழைத்த தரப்புக்கு மறுவிசாரணை உண்டு. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1இல் புதுச் சட்டம் வந்தபிறகும் தொடர்கிறது. அறுந்துபோன 'ஆனா அப்ப...' என்பதை முடித்து வைப்பது அந்த வக்கீலின் வேலை. அவருக்குக் கவனம் வேண்டும், எழுந்து நிற்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பெண் பாதி வாக்கியத்தோடு வீட்டுக்குப் போகிறாள். ஆக, உண்மையின் கதி இரண்டு பேர் சமமாகக் கற்றிருப்பதில் தொங்குகிறது. வக்கீல் குடும்பத்துப் பிள்ளை இதை வீட்டுத் திண்ணையிலேயே கற்றுவிடுகிறான். முதல் தலைமுறைப் பிள்ளைக்குக் கல்லூரியை விட்டால் வேறு இடமில்லை. அங்கே இந்தத் திறமையைச் சொல்லித்தராமல் இருப்பது ஒழுக்கமாகாது. ஒரு தரப்பை மட்டும் நிராயுதபாணியாக்குவதாகும்.

என்றாலும் எப்படிச் சொல்லித்தருவது என்பது மிஞ்சுகிறது. ஒழுக்கத்தைத் தனித் தாளாக வைத்து மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இப்படிச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு மாணவனும் மாணவியும் கேள்வி கேட்கப் பழகுமுன் ஒரு தடவை சாட்சியாக நிற்கட்டும். எழுதிக் கொடுத்த கதை வேண்டாம்; தன் வாழ்க்கையில் நிஜமாக நடந்த ஒரு சின்ன சம்பவத்தைச் சொல்லட்டும். சக மாணவன் விதிப்படி, ஒரு 'ஏன்' கூடக் கேட்காமல், அதைப் பொய்யாக்கிக் காட்டட்டும். தான் சொன்ன உண்மை தன் கண்முன்னே குலைவதை அவன் ஒரு நிமிஷம் அனுபவிக்கட்டும்.

இதனால் அவன் நாளைக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடப்போவதில்லை. கேட்பான், கேட்கவும் வேண்டியிருக்கும். ஆனால் 'ஆமாவா, இல்லையா' என்று சொல்லிவிட்டு உட்காரும்போது, அந்தப் பெண் சொல்ல வந்தது என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.