இடிபாடுகளில் எழுந்த மலர்கள்

1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை ஜெர்மன் விமானங்கள் குண்டுவீசித் தகர்த்த லண்டனின் இடிபாடுகளில், பட்டிழை போன்ற மயிர்களால் காற்றில் மிதந்துவரும் விதைகளையுடையதும் தீப்பட்ட மண்ணில் செழிப்பதுமான ரோஸ்பே வில்லோஹெர்ப் என்னும் காட்டுச்செடி, எவரும் விதைக்காமலே, அடுத்தடுத்த கோடைகளில் இளஞ்சிவப்பாகப் பூத்துப் பரவியது. அங்கு முளைத்த தாவரங்களை எட்வர்ட் சாலிஸ்பரி என்னும் தாவரவியலாளர் ஆராய்ந்து பதிவுசெய்தார். நிலத்தின்மீது மனிதர் செலுத்தும் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அந்த இடிபாடுகளில் தானாக நிகழ்ந்ததுபோல் இயற்கை தன் போக்கில் மீண்டுவர இடமளிக்கும் முறையை இன்றைய சூழலியலாளர் மறுகாட்டாக்கம் என்பர். எந்த ஆணைக்கும் காத்திராமல் உயிர் மீண்டெழுவதைக் கண்ட மனம், அரசியல் கலங்கிய காலத்தில் அதனால் ஆறுதல் அடைவதோடு, ஒரு துண்டு நிலத்தையேனும் வெட்டாமலும் நஞ்சு தெளிக்காமலும் விட்டுவைக்கும் பொறுமையையும், பொதுவாழ்வைச் சீர்செய்யும் துணிவையும் ஒருசேரப் பெறுகிறது.