இந்தக் காசுக்குப் பரவாயில்லை

1987ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாரிஸின் புறநகர் ஒன்றில் ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். இரண்டு பானை, ஒரு கேத்தில், ஆட்களிலும் பார்க்கக் குறைவான கோப்பைகள் என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டியவை அரைகுறையாக இருந்தன. கத்தி மட்டும் இருக்கவில்லை. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன மேசைக்கத்தி ஒன்று கிடந்தது. அது வெண்ணெயைத் தவிர வேறெதையும் வெட்ட மறுத்தது. கடைசியில் எங்களில் ஒருவர் மூலையிலிருந்த இரும்புச் சாமான் கடைக்குப் போய், இருந்ததிலேயே மலிவானதாகப் பார்த்து, மரப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியை வாங்கி வந்தார். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை. பிடி இலேசாக இருந்தது; விளையாட்டுச் சாமான் போலவும் இருந்தது. "உடையுமட்டும் பாவிப்பம்" என்றார் வயதில் மூத்தவர்.

அது உடையவில்லை.

வெங்காயம், கோழி, பாண், ஊரிலிருந்து வந்த பார்சலின் தையல், சப்பாத்தின் அறுந்த தோல் என்று எல்லாவற்றையும் அது வெட்டியது. வெறுமனே வெட்டவில்லை, அழகாக வெட்டியது. தக்காளியை நசுக்காமல் வெட்டக்கூடிய கத்தி ஒன்று உலகில் இருக்கிறது என்பதை நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். இரண்டாவது கிழமையே தேசிக்காய் பட்டு அலகு கறுத்துப் போனபோது, "பாத்தியளே, மலிவெண்டால் இதுதான்" என்று எங்களுக்குள் ஒரு நிம்மதிகூட ஏற்பட்டது. (எதிர்பார்த்த கெடுதி எதிர்பார்த்தபடி வந்துசேரும்போது மனிதனுக்கு ஒருவித நிம்மதி உண்டு. அகதிக்கு அது சற்று அதிகம்.) ஆனால் கறுத்த அலகும் முன்போலவே வெட்டியது.

எங்களில் ஒருவர் அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் குசினியில் சவோய் மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு கிழவர் சமையல் செய்தார். சுவரில் விலையுயர்ந்த கத்திகள் வரிசையாகத் தொங்கும். தனது பாணையும் பாற்கட்டியையும் வெட்டுவதற்கு மட்டும் அவர் அவற்றைத் தொடமாட்டார். காற்சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுப்பார். அது எங்களது கத்தியேதான்! கறுத்ததைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தார். இந்த உருக்கு அப்படித்தான் கறுக்கும், துடைத்து உலரவைத்தால் போதும், கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும் என்றார். ஒருநாள் இரவு முழுவதும் தண்ணீரில் கிடந்து பிடியின் மரம் ஊதி, அலகு வெளியே வராமல் இறுகிக்கொண்டது. அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். அலகு எட்டிப்பார்த்தது. சவோய்க்காரனின் தட்டு என்று அதற்குப் பெயராம்.

அந்தக் கத்தியின் பெயர் ஒப்பினேல். 1890இல், சவோயில் சென்-ஜோன்-து-மோரியேன் என்ற ஊருக்குக் கிட்டவுள்ள மலைக்கிராமத்தில், ஜோசப் ஒப்பினேல் என்ற பதினெட்டு வயது இளைஞன் செய்த கத்தி அது. தகப்பன் கோடரியும் கத்தியும் அடிக்கிற கொல்லர். மகன் அயலிலுள்ள விவசாயிகளின் பைக்குள் கிடக்கக்கூடியதாக ஒன்றைச் செய்தான். 1897இல் 1 முதல் 12 வரை இலக்கமிட்ட அளவுகள் வந்தன. எங்களுடையது எட்டாம் இலக்கம். அலகு எட்டரைச் சென்ரிமீற்றர். அலகில் பொறித்திருக்கும் கிரீடம் சூடிய கை 1909இல் வந்தது. கை, சென்-ஜோன்-து-மோரியேன் ஊரின் சின்னத்திலிருந்தும், கிரீடம் சவோய்க் கோமகவையிலிருந்தும் எடுக்கப்பட்டவை. 1955இல் மார்செல் ஒப்பினேல், திறந்த அலகு விரல்மேல் மடங்கிவிடாமல் பூட்டுகிற சுழலும் வளையத்தைச் சேர்த்தார். (எங்களுடையது திறந்த நிலையில் மட்டுமே பூட்டும். 2000க்குப் பிறகு வந்தவை மூடிய நிலையிலும் பூட்டும்.)

அலகு, மரப்பிடி, ஓர் ஆணி, பிடியோடு இறுகிய வளையம், சுழலும் வளையம். மொத்தம் ஐந்து துண்டுகள். வில் கிடையாது. ஊரில் நாம் மடக்குக் கத்தியை வில்லுக்கத்தி என்றுதான் சொல்லிப் பழகியவர்கள். ஆனால் இதில் அந்த வில்லே இல்லை! பிடியின் இறுக்கமும் வளையமும் வில்லின் வேலையைச் செய்துவிடுகின்றன. இதனை விளங்கிக்கொண்டபோதுதான் எங்களது ஆச்சரியத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று தோன்றியது. இந்தக் கத்தி மலிவாக இருந்தும் நல்லதாக இருக்கவில்லை. எது தேவையில்லையோ அதனை விட்டுவிட்டதால் மலிவாகவும் நல்லதாகவும் ஒருங்கே இருந்தது. "இருந்தும்" என்ற சொல்லை நாங்கள்தான் கொண்டுவந்து நடுவில் செருகியிருக்கிறோம்.

தமிழில் மலிவு என்பதற்கு முதலில் நிறைவு என்றுதான் பொருள். மலிதல் என்றால் பெருகுதல், மிகுதல். மலிந்தால் சந்தைக்கு வரும் என்ற பேச்சில் இன்றைக்கும் அந்தப் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளைச்சல் பெருகுகிறது, ஆகவே விலை இறங்குகிறது, ஆகவே எல்லோருக்கும் கிடைக்கிறது. இதில் இழிவுக்கு இடமேது? அந்தச் சொல்லுக்குள் இழிவைக் கொண்டுவந்து வைத்தவர்கள், பெரும்பாலும், எல்லோருக்கும் கிடைப்பது தமக்கு உகந்ததல்ல என்று நினைத்தவர்களாகவே இருந்திருப்பார்கள்.

எங்கள் வீடுகளையே எடுத்துக்கொள்வோமே. அலுமாரிக்குள் துணியில் சுற்றியபடி இங்கிலாந்துப் பேனாக்கத்தி ஒன்று இருக்கும். யாரோ ஒரு பெரியப்பா சிங்கப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கொண்டுவந்தது. அதனால் எவரும் எதையும் வெட்டியதில்லை. வருகிற ஆட்களுக்கு எடுத்துக் காட்டுவது மட்டுந்தான் அதற்கிருந்த வேலை. வேலை செய்த கத்தி குசினித் தாவாரத்தில் செருகிக் கிடந்தது. ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது. தேங்காய் உடைப்பது முதல் மீன் வெட்டுவது வரை அத்தனையும் அதுதான். அதனைப் பார்த்து நாங்கள் ஒருநாளும் ஆச்சரியப்பட்டதில்லை.

இனி, எங்களைச் சுட்ட விசயத்துக்கு வருவோம். கோப்பை கழுவியவரை ஒருநாள், மரக்கறி வெட்டுகிறவன் வராதபடியால், பலகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் கரட்டையும் லீக்ஸையும் ஒரே அளவாக, மளமளவென்று வெட்டி முடித்தார். முதலாளி வந்து பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது. "அட, நான் இதை எதிர்பார்க்கவே இல்லை!" என்றார். அன்றிரவு அறையில் அதனை ஒரு பட்டம் பெற்ற செய்தியைப் போலக் கொண்டாடினோம். ஊரில் பட்டதாரி ஆசிரியராக இருந்த மனிதர் அவர். கரட் வெட்டத் தெரிந்ததற்காகப் பாராட்டப்பட்டிருக்கிறார். நாங்கள் பியர் வாங்கிக் குடித்தோம்! படுக்கும்போது அவர்தான் சொன்னார்: "கத்தியைப் பாத்து நாங்கள் சொன்னதைத்தானே மச்சான், அவன் என்னைப் பாத்துச் சொன்னவன்."

அதன்பிறகு ஐந்து பேருக்குள்ளும் நடந்த விவாதம் பல கிழமைகள் நீடித்தது. குளிர்காலத்தில் வேறென்ன வேலை? ஒருவர் முதலாளியின் பக்கம் நின்றார். ஆச்சரியப்படுகிறவன் நேர்மையானவன் என்பது அவரது வாதம். அவன் குறைவாக எண்ணியிருந்தான், கண்ணால் கண்டான், எண்ணத்தைத் திருத்திக்கொண்டான், அதனை வாய்விட்டும் சொன்னான். கண்ட பின்னரும் திருத்திக்கொள்ளாதவர்கள் எத்தனை பேர்? இதனை இலகுவில் மறுத்துவிட முடியாது. இன்றைக்கும் எங்களால் முழுதாக மறுக்க முடியவில்லை.

ஆயினும் அவன் எதனைத் திருத்திக்கொண்டான் என்று பார்க்கவேண்டும். எங்களில் ஒருவரைப் பற்றிய எண்ணத்தை மட்டுமே. அடுத்த மாதம் வந்த இன்னொரு தமிழ்ப் பையனைப் பார்த்து அதே முதலாளி அதே மலர்ந்த முகத்துடன் மறுபடியும் ஆச்சரியப்பட்டார்! பத்துத் தடவை ஆச்சரியப்படுகிறவன் பத்துத் தடவையும் தாழ்வான இடத்திலிருந்தே தொடங்குகிறான். இனிய ஆச்சரியம் என்பது விதிவிலக்கைப் போற்றி விதியைக் காப்பாற்றுகிற ஒரு வழியாகவும் இருக்கக்கூடும். இதை நாங்களும் எங்களுக்குள்ளேயே செய்கிறோம். "தமிழ்க்கடை எண்டாலும் துப்பரவாய் வைச்சிருக்கிறாங்கள்." "நேற்று வந்த பெடியன் எண்டாலும் பிரெஞ்சு நல்லாக் கதைக்கிறான்." ஏன், இந்தச் சஞ்சிகைகளைக் கையில் எடுக்கிறவர்களும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "பரவாயில்லையே" என்றுதானே சொல்கிறார்கள்!

கத்திக்கு இது நோகாது. கத்தியும் மனிதனும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மலிவில் இரண்டு வகை உண்டு. ஒப்பினேல், வில்லை விட்டுவிட்டதால் மலிவு. நாங்கள் மலிவாக இருந்தது எதனை விட்டதால்? விசா இல்லை, ஆகவே சம்பளத் துண்டு இல்லை. சமூகக் காப்புறுதிக்குக் கட்டவேண்டியதில்லை. மேலதிக நேரத்துக்கு எழுத்து இல்லை. முதலாளிக்கு நாங்கள் அந்தக் காசுக்குப் பரவாயில்லாத சாமான். விலைச்சீட்டில் இரண்டு மலிவும் ஒரே மாதிரித்தான் தெரியும். சாமானில் தேவையற்ற ஒரு துண்டு விடப்பட்டதா, அல்லது அதைச் செய்த மனிதனுக்குச் சேரவேண்டிய ஒன்று விடப்பட்டதா என்று அது சொல்லாது. நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கும்போது நாம் மகிழ்ந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். பொருள் கெட்டதாக இருந்தால் மட்டும், யார் செய்தது என்று கேட்கிறோம்.

சமையற்காரக் கிழவர் எங்களைப் பார்த்து ஒருநாளும் ஆச்சரியப்பட்டதில்லை. கரட் விசயத்தைக் கேட்டபோதும் தோளைக் குலுக்கினார். வெட்டத்தெரிந்தவன் வெட்டுகிறான், இதிலென்ன என்பதுபோல. பின்னர் ஒருநாள் தன் ஊர்க்கதை சொன்னார். சவோய் 1860இல்தான் பிரான்சோடு சேர்ந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அந்த மலைகளின் ஏழைச் சிறுவர்கள் புகைபோக்கி துடைக்கும் வேலைக்குப் பாரிஸுக்கு நடந்து வந்திருக்கிறார்கள். பாரிஸ்காரர்கள் முகத்தில் கரியோடு பார்த்தது தன் ஊரவர்களைத்தான் என்றார். ஆகவேதான் எங்களை அப்படி நடத்தினாரா, அல்லது அவரது சுபாவமே அதுவா, தெரியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. 1989இல் ஒரு பெரிய றெயில் நிலையத்தில் எங்களில் ஒருவரைப் பொலிஸ் மறித்தது. பையைத் தடவியதில் கத்தி வந்தது. தக்க காரணமின்றி வீட்டுக்கு வெளியே கத்தி கொண்டுதிரிவது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். தக்க காரணம் எது என்பதை அந்த இடத்தில் தீர்மானிப்பவர் எதிரில் நிற்கும் பொலிஸ்காரர்தான். நண்பருக்குக் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. பொலிஸ்காரர் கத்தியைத் திருப்பிப் பார்த்தார். கிரீடம் சூடிய கையைக் கண்டார். "ஒப்பினேல்! உன்னிடமுமா?" என்று சிரித்து, தன் பாட்டனும் ஒன்று வைத்திருந்தார் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு விசா இல்லை, கத்திக்கு இருந்தது என்று அறையில் நெடுநாள் சொல்லிச் சிரித்தோம். ஊர்க் கொல்லர் அடித்த கத்தி பையில் இருந்திருந்தால் அந்த இரவு எப்படி முடிந்திருக்கும் என்ற கேள்வி சிரிப்புக்குள்ளேயே இருந்தது.

ஐந்து பேரில் இருவர் பின்னர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். மூத்தவர் இப்போது இல்லை. கத்தி இருக்கிறது. சோற்றுக் கோப்பையின் அடி விளிம்பில் தீட்டித் தீட்டி அலகு பாதியாக மெலிந்துவிட்டது. இன்றைக்கும் எட்டாம் இலக்கம் பெரிய விலையில்லை.

2011இல் எங்களில் ஒருவர் ஊருக்குப் போனார். வீட்டின் முன்பக்கம் இடிந்திருந்தது. அலுமாரியும் அதற்குள் இருந்த இங்கிலாந்துக் கத்தியும் போன இடம் தெரியாது. பின் தாவாரம் நின்றது. அதில் செருகியபடி கொல்லரின் கத்தியும் இருந்தது. பிடி உக்கியிருந்தது. கல்லில் நாலு தரம் இழுத்துவிட்டு இளநீர் ஒன்றைச் சீவிப் பார்த்தாராம், சீவியது. அடித்தவர் யார் என்று வீட்டில் விசாரித்திருக்கிறார். கொல்லர்தான், வேறு யார் என்றார்கள். பெயர் என்ன என்று கேட்டார். வருடாவருடம் அறுவடை முடிய நெல்லுக்கு வருவார், விறாந்தைக்குக் கீழே நின்று வாங்கிக்கொண்டு போவார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பெயர் எவருக்கும் தெரியவில்லை. ஜோசப் ஒப்பினேல் 1872இல் பிறந்து 1960இல் இறந்தவர் என்பது எங்களுக்கு மனப்பாடம்.