முத்தாகாத கோபம்

அப்பா தூத்துக்குடியில் மூட்டை தூக்கியவர். மேஸ்திரி கூலியில் பிடித்தம் செய்த நாளிலும், "பொறுத்துக்கணும்லே. சிப்பி உறுத்தலைத்தானே முத்தாக்குது" என்பார்.

உண்மைதான். உள்ளே புகுந்த ஒட்டுண்ணியைச் சுற்றிச் சிப்பியின் திசு பைபோல வளர்ந்து, அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு பூசும். 1973இல் பக்கத்து வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், மணியொன்றை உள்ளே வைத்துச் சிப்பியை முத்து செய்யவைத்தார்கள்.

அப்பாவின் உடம்பு அப்படிப் பொறுக்கவில்லை. யூரிக் அமிலப் படிகம் சேர்ந்து கால் பெருவிரல் தீயாய் எரிந்தது. படிகத்தை விழுங்கும் வெள்ளணுவில் என்எல்ஆர்பி3 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது கிளப்பும் அபாயத்தில் காஸ்டெர்மின் டி வெட்டுப்பட்டு, செல்லின் சவ்வைத் துளைக்கும். 2021இல் ஹாவ் வூ குழு அந்தத் துளையின் வடிவத்தைக் கண்டது: 33 துண்டுகள் கூடிய வளையம். அதன் வழியே எச்சரிக்கை வெளியேறும். செல் வெடித்தும் சாகும்.

வந்தது கிருமி என்றால், அந்தச் சாவு அக்கம்பக்கத்துச் செல்களைக் காப்பாற்றும். படிகமோ பரவாது, சாகாது. வீக்கம்தான் மிச்சம்.

அப்படியானால் எதற்குப் பொறுப்பது, எதற்கு வெடிப்பது? அப்பாவிடம் கேட்டேன்: "உங்களுக்கு மட்டுமா பிடிச்சான்?"

"எல்லாருக்கும்தான்லே."

அப்போ அது படிகமில்லையேப்பா.